மேடில்லாத நாட்டில் கேரவன்

கேள்வி: நெதர்லாந்தில் பத்து நாள் கேரவன் சுற்றுலா. தினம் ஓர் ஊர் என்று திட்டமிடலாமா?

பதில்: வேண்டாம். ஜீலாந்து கடற்கரையில் ஓரிடம், வடக்கே ஃபிரீஸ்லாந்து ஏரிப்பகுதியில் ஓரிடம் போதும். இரண்டுக்கும் இடையே சுமார் 300 கி.மீ.தான், இந்தச் சின்ன நாட்டில் தினமும் வண்டியைக் கழற்றி மாட்டுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். சமதளம், இழுப்பது சுலபம்தானே என்பீர்கள். ஏற்றம் இல்லைதான், காற்றுக்கு மறைப்பும் இல்லையே! ஃபிரீஸ்லாந்துக்குப் போகும் வழிகளில் ஒன்றான, 1932-இல் கட்டி முடித்த அஃப்ஸ்லாய்ட்டைக் கடல் அணை 32 கி.மீ. நீளம். அங்கே பக்கக்காற்று வீசினால் கேரவன் ஆட்டம் காணும்; 90 கி.மீ. வேகத்தைத் தாண்டச் சட்டமும் விடாது. சமதளத்தின் முழுப் பலன் சைக்கிளுக்குத்தான்: கேரவனை நிறுத்திவிட்டு சைக்கிளில் சுற்றுங்கள். பிடித்த இடத்தில் இரவு தங்கும் சுதந்திரம் போகுமே என்றால், முகாம்களுக்கு வெளியே தங்குவது அங்கு பொதுவாகத் தடை. ஜூலை, ஆகஸ்ட் என்றால் இப்போதே பதிவு செய்யுங்கள்.