செலவை யார் ஏற்கிறார்கள்?

அன்புள்ள யாழினிக்கு,

அமெரிக்கா மாதிரி பணக்கார நாட்டில் மனநோயாளிகள் ஏன் தெருவில் படுத்துக் கிடக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். வாடகை ஏறியது பெரிய காரணம். மனநல மருத்துவமனைகளை மூடியதால்தான் என்றும் பலர் சொல்வார்கள். சமூகப்பணி படிக்கிற நீ அந்தப் பதிலோடு நின்றுவிடாதே.

1955இல் அந்நாட்டு மாநில மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். பலருக்கு அது ஆயுள் சிறை. குளோர்புரோமசின் என்ற மருந்து வந்தபின், ஊரில் வைத்தே கவனிக்கலாம் என்ற நம்பிக்கை வளர்ந்தது. 1963 அக்டோபர் 31 அன்று சமுதாய மனநல மையங்களுக்கான சட்டத்தில் அதிபர் கென்னடி கையெழுத்திட்டார். அவருக்கு இது வீட்டு விஷயமும்கூட; மூளை அறுவை சிகிச்சையால் முடங்கிப்போன ரோஸ்மேரி அவருடைய தங்கை. திட்டமிட்ட 1,500 மையங்களில் ஏறத்தாழப் பாதிதான் எழுந்தன.

இனி நிதானமாகப் படி. கட்டடத்துக்குப் பணம் வந்தது. சம்பளத்துக்கான உதவியோ சில ஆண்டுகளுக்கு மட்டும், அதுவும் ஆண்டுக்காண்டு குறையும். 1965இல் ஏழைகளுக்கான மெடிகெய்ட் வந்தது. மனநல மருத்துவமனையில் இருக்கும் 65 வயதுக்குட்பட்டவருக்கு அன்று அது பணம் தரவில்லை. அதே ஆளைப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினால் ஒன்றிய அரசு பங்கு தந்தது. மாநிலங்கள் கணக்குப் போட்டுப் பார்த்து நோயாளிகளை வெளியே அனுப்பின. மிச்சமான பணம் பெரும்பாலும் அவர்கள் பின்னால் போகவில்லை. யாருக்கு எது நல்லது என்று கேட்காமலே ஒரு நிதி விதி மனிதர்களை இடம் மாற்றியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

1980இல் அதிபர் கார்ட்டர் அந்த மையங்களுக்கு உதவ ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே ரீகன் அரசு அதில் பெரும்பகுதியை நீக்கி, குறைந்த தொகையை மொத்த மானியமாக மாநிலங்களிடம் கொடுத்தது.

இத்தாலியின் திரியெஸ்தே நகரிலும் மனநல மருத்துவமனையை மூடத்தான் செய்தார்கள். 1971இல் அங்கே பொறுப்பேற்ற மனநல மருத்துவர் பிராங்கோ பசாலியா, நோயாளிகளோடு ஊழியர்களையும் பணத்தையும் வெளியே கொண்டுவர வழி செய்தார். இரவும் பகலும் திறந்திருக்கும் மையங்கள், அவற்றில் சில படுக்கைகள், வேலை கொடுக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் என்று அது வளர்ந்தது. 1978இல் மனநல மருத்துவமனைகளை மூட இத்தாலி முழுவதற்கும் சட்டம் வந்தது. ஆனால் எல்லா ஊரும் திரியெஸ்தே ஆகிவிடவில்லை.

அடுத்த மாதம் மாவட்ட மனநலத் திட்டத்தில் களப்பணிக்குப் போகிறாய் அல்லவா? மருத்துவர்கள் எத்தனை பேர் என்பதோடு, மாத்திரை வாங்க வராமல் போனவரை யார் தேடிப் போகிறார், அப்படித் தேடிப் போகிறவரின் பஸ் செலவை யார் தருகிறார் என்றும் கேள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா