உயிலின் சொற்களை நீதிமன்றம் எவ்வாறு வாசிக்கிறது?

“என் வீட்டை என் மனைவி சர்வ சுதந்திர பாத்தியத்துடன் அடைய வேண்டியது. அவர் காலத்திற்குப் பின் அவ்வீடு என் தம்பி மகனைச் சேர வேண்டியது.” இத்தகைய உயிலை எழுதியவருக்கு இதில் முரண்பாடு ஏதும் தோன்றியிராது. ஆனால், மனைவி அவ்வீட்டை விற்க முற்படும் நாளில் வழக்குப் பிறக்கிறது. அவருக்குக் கிடைத்தது முழு உரிமையா, ஆயுட்கால அனுபவ உரிமை மட்டுமா?

எழுதியவர் இன்றில்லை, அவர் சொற்களே எஞ்சியுள்ளன. அவற்றை வாசிக்கும் முறையை இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 வகுத்துள்ளது. சட்டச் சொற்கள் தேவையில்லை, விருப்பம் விளங்கினால் போதும் என்கிறது பிரிவு 74. ஒரு வாசகத்தின் பொருளை உயில் முழுவதையும் சேர்த்துப் படித்தே கொள்ள வேண்டும் என்கிறது பிரிவு 82. இரு வாசகங்கள் இணைந்து நிற்கவே இயலாவிடில் பின்னது நிலைக்கும் என்கிறது பிரிவு 88. ஒரே நிலத்தை முதலில் மூத்த மகனுக்கும், இறுதியில் ‘மூத்தவனுக்கன்று’ எனக் கூறி இளைய மகனுக்கும் எழுதியிருந்தால், இளையவரே அதை அடைவார்.

நவநீத் லால் எதிர் கோகுல் வழக்கில் (1976) உச்ச நீதிமன்றம், எழுதியவரின் குடும்பச் சூழலையும் கருத வேண்டும் என்றது. எனினும், அவர் எழுத நினைத்திருக்கக்கூடியதை ஊகிப்பது நீதிமன்றத்தின் பணியன்று. எழுதிய சொற்களின் பொருளைக் காண்பதே அதன் பணி.

அவ்வாறாயின், நம் எடுத்துக்காட்டில் பின்வாசகம் வெல்லுமா? பெரும்பாலும் வெல்லாது. முழு உரிமையை ஒருவருக்கு வழங்கிய பின், அதே சொத்தை வேறொருவருக்கு வழங்கும் வாசகம் செல்லாது என்று மௌலேஷ்வர் மணி எதிர் ஜகதீஷ் பிரசாத் வழக்கில் (2002) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னரே முழுமையாகக் கொடுத்துவிட்ட பின், மீண்டும் கொடுக்க அவரிடம் எதுவும் எஞ்சவில்லை.

ஆகவே, வாடிக்கையாளர்கள் உயில் எழுதும்போது இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் குறிப்பது நலம். மனைவிக்கு முழு உரிமை எனில் அத்துடன் நிறுத்துக. ஆயுட்கால உரிமை மட்டும் எனில், “ஆயுள் வரை அனுபவிக்கலாம், விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமையில்லை” என வெளிப்படையாக எழுதுக. அவ்வீட்டின்பேரில் பின்னாளில் கடன் கோரினால், வங்கியின் வழக்கறிஞரும் முதலில் நோக்குவது இவ்வரியையே. பிரிவு 63 கோரும் இரு சாட்சிகளின் கையொப்பத்தைப் பெறவும் மறவாதீர். கையெழுத்திடுமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டினால், குடும்பம் பல்லாண்டு நீதிமன்றப் படியேறுவதைத் தவிர்க்கலாம்.