இதரம், ஒரு பெட்டி

அன்புள்ள குழந்தைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. கல்லூரி நூலகத்தில் பொறுப்பேற்ற மூன்றாம் வாரத்திலேயே, பழைய வரவுப் பதிவேட்டில் 'இதரம், ஒரு பெட்டி' என்று ஒற்றை வரியாக எழுதியிருந்ததைக் கண்டு, அந்தப் பெட்டியைத் தேடிப் பிடித்து, மாடிப்படியின் அடியிலிருந்து இழுத்துத் திறந்து, உள்ளே இசைத்தட்டுகளும், மடித்த தேசப்படங்களும், ஒலிநாடாச் சுருள்களும், புகைப்பட ஆல்பம் ஒன்றும் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இவற்றை நான் என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறாய். என் நீண்ட உத்தியோக காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மிகச் சிலர்; பெரும்பாலோர் பெட்டியை மறுபடி மூடிவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் மூடினவன்தான்.

புத்தகம் என்பது தன் விஷயத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் வஸ்து. விளக்கும் கண்ணும் எழுத்தறிவும் இருந்துவிட்டால், இருநூறு வருஷம் கழித்து எடுத்தாலும், பெயரையும் ஆசிரியரையும் முதற்பக்கத்திலேயே தெரிவித்துவிட்டுப் பேசத் தொடங்கிவிடும். உன் பெட்டியில் உள்ளவற்றுக்கும் அவை போன்ற மற்றவற்றுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. இசைத்தட்டு பேச யந்திரமும் ஊசியும் வேண்டும்; நுண்படச் சுருளுக்கு அதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி வேண்டும்; புகைப்படத்துக்கோ, "இவர் இன்னார், இது இன்ன ஊர்" என்று சொல்ல ஒரு மனிதரே வேண்டும். ஆகவே இவற்றில் ஒன்றை நூலகத்துக்குள் சேர்க்கிறபோது, அதற்கு வாய் கொடுக்கும் பொறுப்பையும் சேர்த்தே நாம் ஏற்கிறோம்.

இதை நான் அறிந்துகொண்டது ஒரு மார்ச் மாதத்தில். நான் அப்போது வேலை பார்த்த கல்லூரியில் மானியப் பணம் மிச்சமிருந்தது. மாத முடிவுக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பப் போய்விடும் என்ற அவசரத்தில், பழைய பத்திரிகைகளின் நுண்படச் சுருள்களை ஒரு பெட்டி நிறைய வாங்கினார்கள். ரசீது வந்தது, பதிவேட்டில் எண் ஏறியது, எல்லோருக்கும் திருப்தி. படித்துக் காட்டும் கருவியை அடுத்த வருஷ மானியத்தில் வாங்கலாம் என்றார்கள். அடுத்த வருஷம் அந்தப் பணம் நாற்காலிகளுக்குப் போயிற்று. நான் அந்தக் கல்லூரியை விட்டு விலகும்வரை ஒரு சுருளைக்கூட ஒருவரும் பிரிக்கவில்லை. சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்ட ரங்கநாதன், நூல்கள் பயன்படுவதற்கே என்பதை முதல் விதியாக வைத்தாரே, அது புத்தகத்தைவிட இவற்றுக்கு இரண்டு மடங்கு பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். வாங்குமுன், யந்திரம் இருக்கிறதா, அது பழுதுபட்டால் சரி செய்ய ஆள் இருக்கிறானா, கேட்டு வருகிறவர் யார் என்று விசாரித்துக்கொள். விற்பனையாளர் கொண்டுவரும் பளபளப்பான பட்டியலில் இந்த மூன்றும் இராது.

ஆனால் தேர்வு என்றால் விலைக்கு வாங்குவது மட்டும் என்று எண்ணிவிடாதே. செட்டிநாட்டுக் கோட்டையூரில், விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா செட்டியார், புத்தகங்களோடு நாடக நோட்டீசுகளையும் கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்துவைத்தார். கல்யாணம் முடிந்த மறுநாள் குப்பைக்குப் போகிற காகிதம் அது. அவர் 1992-ல் காலமான பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கிச் சென்னையிலேயே நிலைபெறச் செய்ததன் பயனாக, நூறு வருஷத்துக்கு முந்திய நாடகக் கொட்டகையைப் பற்றி எழுத உட்காருகிற ஆராய்ச்சியாளர் இன்று அந்த நோட்டீசுகளின் முன்னால்தான் வந்து உட்காருகிறார். இதனால் எல்லாக் காகிதத்தையும் வாரி அடுக்கு என்று சொல்லவில்லை. உலகம் முழுவதும் கிடைப்பதை உலகம் பார்த்துக்கொள்ளும். உன் ஊர்க் கோயில் திருவிழா நோட்டீசும், உன் கல்லூரி நாடகத்தின் புகைப்படமும் உன்னை விட்டால் வேறெங்கும் கிடைக்கமாட்டா.

இசைத்தட்டுகளுக்குப் பட்டியல் எழுதும்போதுதான் நம்முடைய சாமர்த்தியம் வெளிப்படும். தட்டின் நடுவே உள்ள காகித வட்டத்தில் பாட்டின் முதற்சொற்கள், பாடியவர், ராகம், தாளம், சில வேளை திரைப்படத்தின் பெயர், இத்தனையும் நெருக்கி அச்சிட்டிருக்கும். மறுபக்கத்தில் வேறொரு பாட்டு, வேறொருவர் பாடியதாகக்கூட இருக்கும். இதில் எதைத் தலைப்பென்று கொள்வது? 1978-ல் வந்த ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பு, தேசப்படம், ஒலிப்பதிவு, திரைப்படம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அத்தியாயம் வகுத்திருக்கிறது, அவசியம் படி. எனினும் நம் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிறவர் அந்த விதிகளைப் படித்துவிட்டு வருவதில்லை. "கே. பி. சுந்தராம்பாள் பாடினது" என்பார் ஒருவர், "காம்போதி ஏதாவது இருக்கிறதா?" என்பாள் இசை மாணவி; மூன்றாமவர் வெட்கத்தோடு முதலடியை முனகிக் காட்டுவார். ஆகையால் ஒவ்வொரு பக்கத்துக்கும் முதற்சொல், பாடியவர், இயற்றியவர், ராகம் என்று தனித்தனிக் குறிப்பு எழுது. கூடவே சுழலும் வேகத்தையும் எழுது. 78 சுற்றுத் தட்டின் வரி அகலமானது, பிற்கால நீண்ட தட்டுக்குரிய நுண்ணிய ஊசி அதன் அடியில் அலைந்து இரைச்சலைத்தான் எழுப்பும். காகித வட்டத்தை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டிருந்தால் கவலைப்படாதே. விளக்கின் கீழ்ச் சற்றுச் சாய்த்துப் பார். வட்டத்தை ஒட்டியுள்ள வெற்றிடத்தில் ஓர் எண் பதிந்திருக்கும். அதைக் கொண்டே தட்டு இன்னதென்று கண்டுபிடித்துவிடலாம்.

அந்தப் பழைய தட்டுகள் அரக்கினால் ஆனவை. விழுந்தால் உடையும், ஸ்பிரிட் பட்டால் கரையும். ஓரத்தை மட்டும் பிடித்து எடு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், சாயாமல் நேராக நிறுத்திவை. அவை கனமானவை என்பதால் பலகையையும் சோதித்துக்கொள்.

தேசப்படங்களைப் பற்றி நான் எழுதுவதில் கொஞ்சம் பாவமன்னிப்பும் கலந்திருக்கிறது. 1802-ல் பரங்கிமலைக்கருகே லாம்ப்டன் என்ற சர்வேயர் சங்கிலி வைத்து அடிக்கோடு அளந்ததிலிருந்து வளர்ந்த பெரிய வேலையின் பலனாக, மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அச்சிட்ட சர்வே படங்கள் எங்களிடம் இருந்தன. அலமாரியில் அடங்கவில்லை என்று நான் அவற்றை எட்டாக மடித்து, முகப்பிலேயே நூலக முத்திரையும் குத்தினேன். சில வருஷத்தில் மடிப்புகள் இற்றன. ஒரு நாள் முதியவர் ஒருவர், தம் பூர்வீகக் கிராமம் எந்த வாய்க்காலின் கரை என்று பார்க்க வேண்டுமென வந்தார். விரித்தோம். நான்கு மடிப்பு கூடும் மூலையில் விரற்கடை அகல ஓட்டை. அவருடைய ஊர் அந்த ஓட்டையில் இருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் எனக்கு அதிக வருத்தம். ஆகவே படங்களை அகலமான, ஆழமில்லாத இழுப்பறைகளில் மடிக்காமல் படுக்கவை. தாளின் எண் 58 என்றும் அதன்பின் ஓர் எழுத்தென்றும் அதன் தலையில் இருக்கும். ஆனால் வருகிறவர் எண்ணைக் கேட்கமாட்டார், திருவாரூர் என்றுதான் கேட்பார். ஊர்ப்பெயர்களுக்கும் குறிப்பு எழுதிவிடு. படத்தின் அளவையையும் வருஷத்தையும் விடாதே.

ஆல்பத்தில் உள்ளவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பழைய ஆசிரியர்கள் இருக்கும்போதே அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டுவிடு. காப்பி வாங்கிக் கொடு, செலவு பலமடங்காகத் திரும்பும். அவர்கள் சொல்வதைப் பேனாவால் படத்தின் முதுகில் எழுதாதே, மை மறுபுறம் ஊறும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுது.

ஓலைச்சுவடி ஏதும் பெட்டியில் இல்லையென்று எழுதியிருக்கிறாய். யாராவது கொண்டுவந்து கொடுத்தால், எண்ணெய் பூசும் பரீட்சைகளில் இறங்காமல், தஞ்சைச் சரஸ்வதி மகாலையோ சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தையோ கலந்துகொள்.

பிரதி எடுத்துக் கணினியில் வைக்கலாமா என்று கேட்டாய். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டபோது, லாப நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே உள்ள படைப்பைப் பாதுகாப்பின் பொருட்டு மின்னணு முறையில் சேமிக்க இடம் தந்தது. உன் கல்லூரி நூலகம் அந்த வரையறைக்குள் வருமா என்பதை முதல்வரிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள். ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டை அடுத்து 60 வருஷம்; அரக்குத் தட்டுகளிற் பல அந்த எல்லையைத் தாண்டினவை. பாட்டு எழுதினவரின் உரிமை வேறு கணக்கு. பிரதி எடுத்தாயிற்றே என்று மூலத்தை மட்டும் எறிந்துவிடாதே. குறுந்தகட்டில் பிரதி எடுத்து மூலத்தைத் தூர எறிந்தவர்கள், இன்று தகடும் படிக்க முடியாமல் விழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் இந்த வாரமே செய். சுருள்களில் ஒன்றைத் திறந்தபோது புளித்த காடி வாசனை அடித்ததாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, உன் கடிதத்திலேயே அவசரமான வரி அதுதான். அது அசிடேட் நாடா அழுகத் தொடங்கியதன் அடையாளம். அதன் ஆவி பக்கத்தில் உள்ள நல்ல சுருள்களையும் கெடுக்கும். அதைத் தனியே எடுத்து, காற்றோட்டமுள்ள வேறோர் அறையில் வைத்து, பிரதி எடுக்கும் வரிசையில் முதலாவதாகப் போடு. பதிவேட்டில் 'இதரம்' என்ற வரியை அடிக்காமல், அதன் கீழேயே ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்துக்கொண்டு வா. மென்பென்சில் ஆறு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஊர்க் கடையில் கிடைக்காது என்று உன் அம்மா சொன்னாள்.

அன்புடன்,
உன் பெரியப்பா