ஊர் திரும்பும்போது வாகன வரி: எதை எங்கே முதலில் முடிப்பது?

மீள்குடியேற்றத்துக்காகப் புறப்படும் குடும்பங்கள் பல இப்போது ஒரு வாகனத்துடன்தான் ஊர் திரும்புகின்றன. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வாங்கிய மோட்டார் சைக்கிள், தவணைக்கு எடுத்த ஓட்டோ, தோட்டத்துக்கும் வயலுக்கும் உதவும் லான்ட்மாஸ்டர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஊருக்குப் போன பின் பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றுவதும், மீனையும் மரக்கறியையும் சந்தைக்குக் கொண்டுபோவதும், இரவில் நோயாளியை வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்வதும் அந்த வாகனமே. பத்திரம் சரியில்லை என்றால் அது முற்றத்தில் நிற்கும். வருமானமும் அதோடு நிற்கும்.

இந்தப் பாடம் வருடாந்த வாகன வரியைப் பற்றியது. ஒரு மாகாணத்தில் பதிந்த வாகனத்தோடு இன்னொரு மாகாணத்துக்குக் குடிபோகும்போது என்ன செய்ய வேண்டும், எந்த வேலையைப் புறப்படுவதற்கு முன்பே முடிக்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

1. இந்த வரியை யார் எடுக்கிறார்கள்?

நாம் 'வாகன வரி' என்றும் 'டக்ஸ்' என்றும் சொல்வது வருமான அனுமதிப்பத்திரத்தை. இதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் இக்கட்டணம் மாகாண சபைகளுக்கு உரியதாயிற்று. அதனால்தான் ஒரே வகை வாகனத்துக்கு மாகாணத்துக்கு மாகாணம் கட்டணம் வேறுபடலாம். பணத்தை நாம் பிரதேச செயலகத்தில் கட்டுகிறோம்.

வாகனத்தின் பதிவு வேறு விடயம். அதைச் செய்வது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். அது மத்திய அரசின் திணைக்களம். தலைமை அலுவலகம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. வாகனம் யாருடையது, உரிமையாளர் எங்கே வசிக்கிறார் என்பவை பதிவுப் புத்தகத்தில் இருக்கும்.

பதிவு ஓரிடம், வரி இன்னோரிடம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதாலேயே பலர் வீணாக அலைகிறார்கள்.

2. உங்களுக்கு மாகாணம் மாறுகிறதா?

முதலில் இதைப் பாருங்கள். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கோ கிளிநொச்சிக்கோ போகிறவர்களுக்கு மாகாணம் மாறுவதில்லை. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய 5 மாவட்டங்களும் வடக்கு மாகாணமே. திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய 3 மாவட்டங்களும் கிழக்கு மாகாணம். இவற்றுக்குள்ளேயே இடம் மாறுகிறவர்கள் முகவரியை மட்டும் திருத்தினால் போதும்.

புத்தளத்திலிருந்து மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்புகிறவர்கள் வடமேல் மாகாணத்திலிருந்து வடக்குக்கு வருகிறார்கள். நீர்கொழும்பு, கொழும்பு என்றால் மேல் மாகாணத்திலிருந்து. அநுராதபுரம் என்றால் வட மத்தியிலிருந்து. இவர்களுக்கு மாகாணம் மாறுகிறது.

3. கட்டிய வரி வீணாகாது

"புத்தளத்தில் வரி கட்டி 4 மாதம்தான் ஆகிறது, மன்னாரில் மறுபடி கட்ட வேண்டுமா?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. வேண்டாம். ஒரு மாகாணத்தில் எடுத்த வருமான அனுமதிப்பத்திரம் அதன் முடிவுத் திகதி வரை நாடு முழுவதும் செல்லும். வீதியில் பொலிஸார் கேட்டால் அதையே காட்டலாம்.

அதே நேரம், அந்தத் திகதி உங்களுக்குக் கிடைத்திருக்கும் அவகாசமும் ஆகும். அதற்குள் பதிவைப் புதிய முகவரிக்கு மாற்றி, அடுத்த வருட வரியைப் புதிய மாகாணத்தில் கட்டத் தயாராக வேண்டும். திகதி கடந்தால் தண்டப்பணமும் சேரும்.

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மாகாண வேறுபாடு இல்லை. ஊர் மாறியதற்காகப் புதிதாக ஒன்று எடுக்க வேண்டியதில்லை.

4. வேலையின் ஒழுங்கு: முதலில் உரிமை, பிறகு முகவரி, கடைசியில் வரி

இந்தப் பாடத்தில் ஒரு விடயத்தை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். வாகனம் உங்கள் பெயரில் இல்லாவிட்டால் உங்கள் முகவரிக்கு மாற்ற முடியாது. முகவரி மாறாவிட்டால் மாகாண மாற்றமும் நடக்காது.

நம்மில் பலர் வாகனத்தை 'ஓப்பன் பேப்பரில்' வாங்கியிருக்கிறோம். விற்றவர் கையொப்பமிட்ட படிவமும் பதிவுப் புத்தகமும் கையில் இருக்கும். பெயர் மட்டும் மாறியிருக்காது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் ஏற்பாடு. ஆனாலும் வரி கட்டுவதற்குப் பெயர் தடையாக இல்லாததால் வருடக்கணக்காக அப்படியே விட்டுவிடுகிறோம்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். புத்தளத்தில் ஒரு குடும்பம் அயலவரிடம் மோட்டார் சைக்கிள் வாங்கி, பெயர் மாற்றாமல் 5 வருடம் ஓடுகிறது. பின்னர் முசலிக்குத் திரும்புகிறது. அங்கே பதிவை மாற்றப் போனால், விற்றவரின் கையொப்பம் பழைய அடையாள அட்டையில் உள்ளதுபோல் இல்லை என்று படிவம் திரும்பி வருகிறது. விற்றவரோ வெளிநாடு போய்விட்டார். அயலில் இருந்தபோது ஒரு மணித்தியாலத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை இப்போது மாதக்கணக்கில் இழுபடுகிறது.

ஆகவே, சாமான் கட்டத் தொடங்குவதற்கு முன் விற்றவரைத் தேடிப் போங்கள். படிவங்களில் புதிதாகக் கையொப்பம் வாங்குங்கள். அவருடைய தேசிய அடையாள அட்டைப் பிரதியையும் கேளுங்கள். முடிந்தால் உரிமை மாற்றத்தைப் புறப்படுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

தவணைக்கு எடுத்த வாகனம் என்றால் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயரும் இருக்கும். அவர்களுக்குத் தெரியாமல் பதிவில் மாற்றம் செய்ய இயலாது. நீங்கள் ஊர் மாறுவதை எழுத்தில் அறிவித்து, மாகாண மாற்றத்துக்கான சம்மதக் கடிதத்தைப் பெறுங்கள். தவணைப் பணத்தைப் புதிய ஊரில் எந்தக் கிளையில் கட்டலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

5. புறப்படுவதற்கு முன்னும் போய்ச் சேர்ந்த பின்னும்

புறப்படுவதற்கு முன்:
- வரி நிலுவை இருந்தால் கட்டி முடியுங்கள். நிலுவை இல்லை என்பதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.
- கடந்த வருடங்களின் அனுமதிப்பத்திரங்களையும் பற்றுச்சீட்டுகளையும் எறிய வேண்டாம்.
- எல்லாப் பத்திரங்களிலும் இரண்டு பிரதி எடுத்து, மூலப் பத்திரங்களிலிருந்து பிரித்து வையுங்கள்.

போய்ச் சேர்ந்த பின்:
- கிராம அலுவலரிடம் குடும்பத்தைப் பதிந்து, வதிவிடச் சான்றிதழ் பெறுங்கள்.
- பதிவுப் புத்தகம், அடையாள அட்டை, நடப்பு அனுமதிப்பத்திரம், வதிவிடச் சான்றிதழ் ஆகியவற்றுடன் பிரதேச செயலகத்தின் வாகன வரிப் பிரிவுக்குச் சென்று, மாகாண மாற்றம் என்று சொல்லுங்கள். அடுத்து நிரப்ப வேண்டிய படிவத்தையும் கட்டணத்தையும் அங்கே சொல்வார்கள்.
- முன்னர் மாகாண மாற்றத்தின்போது இலக்கத் தகட்டில் உள்ள மாகாண எழுத்துகளும் மாற்றப்பட்டன. வாகனத்தின் இலக்கம் மாறாது. கடையில் எழுதுவித்த தகட்டைப் பூட்ட வேண்டாம்.

வருடாந்தப் புதுப்பித்தலுக்கு முந்திய அனுமதிப்பத்திரம், செல்லுபடியாகும் காப்புறுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவை தேவை. லொறி, பஸ் போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். காப்புறுதியை முதலில் பாருங்கள். அது முடிந்திருந்தால் வரிசையில் நின்றும் பயனில்லை. புகைப் பரிசோதனைக்கு முன் ஒயில் மாற்றி, எயார் பில்டரைத் துப்புரவு செய்தால் மறுபரிசோதனைச் செலவு மிஞ்சலாம்.

புதுப்பித்தலுக்கு உரிமையாளரே போக வேண்டும் என்றில்லை. வீட்டில் வேறொருவர் பத்திரங்களைக் கொண்டுபோகலாம். தரகரிடம் கொடுக்க வேண்டாம். கட்டிய பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வர வேண்டாம்.

6. பத்திரங்கள் தொலைந்திருந்தால்

இடப்பெயர்வில் பதிவுப் புத்தகம் தொலைந்தவர்கள் முதலில் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெற வேண்டும். அதைக் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். வாகன இலக்கம், இயந்திர இலக்கம், அடிச்சட்ட இலக்கம் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். பழைய காப்புறுதிப் பத்திரத்திலோ வரிப் பத்திரத்திலோ இவற்றில் ஒன்றாவது இருக்கும்.

7. உரிமையாளர் இன்று இல்லையென்றால்

வாகனம் கணவரின் பெயரில் இருந்து அவர் இறந்திருந்தால், மரணச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் உரிமை மாற்றத்துக்கு உதவும்.

அவர் காணாமல்போயிருந்தால், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராத குடும்பங்கள் பல. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்துக்கு 2016இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். அதை எடுப்பதால் அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. எந்தச் சான்றிதழ் உங்களுக்குப் பொருந்தும் என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேளுங்கள். அதுவரை வாகனம் அவர் பெயரிலேயே இருக்கட்டும். வரியைத் தவறாமல் புதுப்பித்து வாருங்கள். அவசரத்தில் யாருக்கும் கைமாற்ற வேண்டாம்.

8. ஓடாமல் நிற்கும் வாகனம்

பழுதாகி நிற்கும் வாகனத்துக்கு வரி இல்லை என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. வாகனம் பாவனையில் இல்லை என்பதைப் பிரதேச செயலகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காத காலத்துக்கு நிலுவை சேரும். பின்னர் திருத்தி ஓட்ட நினைக்கும்போது அது ஒரே தொகையாக முன்னால் வந்து நிற்கும்.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்

- வாகனம் யாருடைய பெயரில் பதிந்திருக்கிறது?
- அவர் இன்று எங்கே இருக்கிறார்? கையொப்பம் வாங்க முடியுமா?
- நடப்பு வருமான அனுமதிப்பத்திரம் எந்தத் திகதியில் முடிகிறது?
- காப்புறுதி எந்தத் திகதியில் முடிகிறது?
- பதிவுப் புத்தகம் கையில் இருக்கிறதா, கம்பனியிடம் இருக்கிறதா, தொலைந்துவிட்டதா?

இந்த 5 கேள்விகளுக்கும் விடையை ஒரு தாளில் எழுதி, பத்திரங்களோடு வையுங்கள். பிரதேச செயலகத்துக்கோ எங்கள் கள உத்தியோகத்தரிடமோ வரும்போது அந்தத் தாளையும் கொண்டு வாருங்கள்.