ஆநிரை காத்தலும் இனங்காத்தலும்

எம்பெருமான் கண்ணனாய் அவதரித்தபோது உகந்தேற்ற தொழில் ஆநிரை மேய்த்தலாகும். கன்றுகளின் பின்னே பிள்ளையைக் காட்டுக்குப் போக்கிவிட்டு வருந்தும் யசோதையின் நிலையில் நின்று பெரியாழ்வார் பாடியருளினார். கோவிந்தன், கோபாலன் என்னும் திருநாமங்களும் அத்தொழிலையே நினைவூட்டுவன. ஆதலின் கோரக்ஷணம் வைணவர்க்குச் சிறந்ததொரு கைங்கரியமாயிற்று. ஆயினும், பசுவுக்குப் புல்லும் நீரும் அளிப்பதோடு அக்கைங்கரியம் நிறைவுறுமா என்பது இக்காலத்தில் எண்ணத்தக்கது.

தமிழகத்து மாடுகள் யாவும் ஓரினத்தவை அல்ல. கொங்கு நாட்டின் வறண்ட கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து வாழ்வது காங்கேயம். காவிரிக் கடைமடையின் ஆழ்ந்த சேற்றிலும் தளராது உழவல்லது உம்பளாச்சேரி. அந்தியூரை அடுத்த மலைக்காடுகளில் மேய்வது, செந்நிற உடலில் வெண்திட்டுப் படர்ந்த பர்கூர் மாடு. வெயிலும் பஞ்சமும் உழவரின் தேர்வும் பல தலைமுறைகளாகச் சேர்ந்து இவற்றின் பண்புகளை உருவாக்கின.

பால்வளம் பெருக வேண்டி ஜெர்சி முதலிய அயல்நாட்டு இனங்கள் நாட்டுப் பசுக்களோடு கலக்கப்பட்டன. பாலும் பெருகிற்று; எளிய குடும்பங்களின் வருவாயும் உயர்ந்தது. இதனைக் குறைகூறல் தகாது. ஆனால் டிராக்டரின் வருகையால் உழவுக்காளையின் தேவையும் உடன் குறையவே, நாட்டினங்கள் அருகின. கோடை வெப்பமோ மிகுந்து வருகிறது. வெப்பம் மிகின், குளிர்நாட்டு இனப் பசு தீனி குறைந்து, பால் வற்றி, சினைபிடிக்கவும் இடர்ப்படும். தளர்ந்த தோலும் குறுமயிரும் மிகுந்த வியர்வைச் சுரப்பிகளும் உடைய நாட்டுப் பசு அதனை எளிதில் தாங்கும். நாளை வேண்டப்படும் இப்பண்பு, இனம் அழிந்தபின் எவராலும் மீட்கவொண்ணாதது.

அழிவின் விளிம்பிலிருந்து மீண்ட இனமும் உண்டு. கேரளத்து வெச்சூர்க் குறும்பசு மறைந்தொழிந்தது என்றே பலரும் எண்ணினர். 1989-ஆம் ஆண்டில் மண்ணுத்திக் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சோசம்மா ஐப்பு, மாணவருடன் ஊரூராகத் தேடிச் சில மாடுகளைத் திரட்டினார். அச்சிறு மந்தையினின்றே அவ்வினம் மீண்டும் தழைத்தது.

இன்று உறைவிந்து சுழியத்திற்குக் கீழ் 196 பாகை செல்சியஸ் உறைகுளிரில் திரவ நைட்ரஜனுள் சேமிக்கப்படுகிறது. அது காப்பேயன்றி வாழ்வன்று. மாறும் வெயிலோடு தானும் மாறிப் பழகுவது, மேய்ந்து ஈன்று வாழும் மந்தையே. அம்மந்தைக்கு உயிர்நாடி பொலிகாளை. பசுக்கள் பல இருப்பினும், தன்னினக் காளை இல்லையேல் அடுத்த தலைமுறையிலேயே இனத்தூய்மை கெடும். ஒரே காளை நெடுநாள் நிற்பினோ, தந்தையும் மகளும் இணைந்து கன்றுகள் நலிவுறும்.

ஆதலின் திருக்கோயில் கோசாலைகள் செய்யத்தக்கவை மூன்று. அவ்வப் பகுதிக்குரிய இனத்தைத் தனியே பேணுதல் ஒன்று. கன்றுதோறும் தாய் தந்தை வழியை ஏட்டில் பதிதல் மற்றொன்று. சில ஆண்டுகளுக்கொருமுறை அதே இனத்தைப் பேணும் பிற கோசாலையோடு காளையை மாற்றிக்கொள்ளுதல் மூன்றாவது. கோதானம் செய்வோரும் தம் பகுதி இனத்தையே தேர்ந்தளிப்பாராயின், ஒரு பசுவைக் காத்த பயனோடு ஒரு குலத்தையே காத்த பயனும் எய்துவர். ஆயர்குலத்து உதித்த பெருமான் இக்கைங்கரியத்திற்குத் திருவருள் புரிவானாக.