ஒற்றைப்படை மதகும் இரட்டைப்படை மதகும்

அன்புள்ள கண்ணு,

பவானித் தண்ணீரை எல்லாருக்கும் சமமாகப் பிரித்துவிட்டால் சண்டையே வராதே என்று கேட்டிருந்தாய். எதை வைத்துச் சமம் பார்ப்பது என்பதில்தான் முடிச்சு விழுகிறது.

ஆற்றில் யார் யார் கை வைக்கிறார்கள் என்று முதலில் பார். மேலே நீலகிரியில் குந்தா, பைக்காரா மின்நிலையங்கள். அவை தண்ணீரைத் தீர்த்துவிடுவதில்லை. ஆனால் அது எந்த நேரத்தில் கீழே இறங்கும் என்பதை மின்தேவை முடிவு செய்கிறது. வழியில் அட்டப்பாடியைத் தொடுவதால் கேரளத்துக்கும் பவானியில் 6 டி.எம்.சி. பங்கு உண்டு. பில்லூரிலிருந்து கோவைக்குக் குடிநீர் போகிறது. மோயாறு வந்து சேரும் இடத்தில் 1955-இல் கட்டி முடித்த பவானிசாகர் அணை, கொள்ளளவு 32.8 டி.எம்.சி.

அணைக்குக் கீழேதான் நம் கதை. கொடிவேரியில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும் காளிங்கராயன் வாய்க்காலும் அணைக்குப் பல நூற்றாண்டு முந்தியவை. இந்தப் பழைய ஆயக்கட்டு சுமார் 40,000 ஏக்கர். இரண்டு போகம் நெல், மஞ்சள், கரும்பு என்று அங்கே வயல் காய்வதே அரிது. அணையோடு வந்த கீழ்பவானி ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். ஏக்கருக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் பழையவர்களின் உரிமை அடிபடும். உரிமையை மட்டும் பார்த்தால் கீழ்பவானியின் கடைமடை காயும்.

கீழ்பவானியில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அத்தனை ஏக்கரிலும் நெல் நட அணைத் தண்ணீர் போதாது. அதனால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, ஆகஸ்ட் நடுவில் ஒரு பாதிக்குத் திறந்து, நெல்லுக்கு 120 நாள் தண்ணீர் விடுகிறார்கள். மறுபாதிக்கு ஜனவரியில், விட்டுவிட்டு நனைப்பு; கடலை, எள் மாதிரிப் புஞ்சைப் பயிருக்கு. அடுத்த ஆண்டு முறை மாறும். இந்த ஆண்டு தனக்கு நெல் இல்லை என்பது விதைக்கு முன்பே விவசாயிக்குத் தெரிந்துவிடுகிறது. பற்றாக்குறையை முன்கூட்டியே சொல்லி, முறைபோட்டுச் சுமப்பதைவிட நியாயமான பங்கீட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் முறை வைத்துப் பிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது: கசிவு. கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் மண் வாய்க்கால். ஓடும் வழியெல்லாம் நிலத்துக்குள் இறங்குகிறது. அதற்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று சில ஆண்டுகளாக விவசாயிகளே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். கசியாமல் வந்தால்தான் என் மதகுக்குத் தண்ணீர் எட்டும் என்கிறார் கடைமடைக்காரர். அந்தக் கசிவில்தான் என் கிணறு ஊறுகிறது, ஊருக்கும் அதுதான் குடிநீர் என்கிறார் வாய்க்காலோரத்துக்காரர். இரண்டும் உண்மை. கசிந்ததில் ஒரு பகுதி ஓடைகளில் சேர்ந்து கீழேயுள்ள பாசனத்துக்கு மறுபடி பயன்படுகிறது. பொறியாளரின் கணக்கில் இழப்பாக எழுதப்படும் தண்ணீர், பக்கத்துத் தோட்டத்தில் தென்னையாக நிற்கிறது. ஆகவே வாய்க்காலில் தண்ணீரைச் சேமிக்கிறேன் என்று யாராவது சொன்னால், இதுவரை அதை யார் எடுத்துக்கொண்டிருந்தார் என்று நான் முதலில் கேட்பேன். அவருக்கு மாற்று வழி சொல்லாமல் கரையைப் பூசினால், ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதாகத்தான் முடியும்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தையும் இப்படித்தான் பார்க்கிறேன். அறுபது ஆண்டுக்கும் மேலான கோரிக்கை, 2024-இல் நிறைவேறியது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் உபரியிலிருந்து 1.5 டி.எம்.சி. எடுத்து 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது நோக்கம். வறண்ட ஊர்களுக்கு அது உயிர்த்தண்ணீர், மனதார வரவேற்கிறேன். அந்த உபரியும் காவிரியில் சேர்ந்து கீழே போகும் தண்ணீர்தான் என்பதால், வெள்ளக் காலத்தில் மட்டுமே எடுப்பது என்ற கட்டுப்பாடு தளரக் கூடாது.

உன் பள்ளிக் கட்டுரையை எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய். ஆகஸ்டில் வாய்க்கால் திறப்பதற்கு முதல் நாள் கரையோரக் கிணறு ஒன்றில் கயிறு விட்டுத் தண்ணீர் மட்டத்தை அளந்து குறித்துக்கொள். வாரம் ஒருமுறை அதே கிணற்றில் அள. கடைமடைப் பக்கம் மாமா வீட்டுக்குப் போகும்போது, திறந்த எத்தனையாம் நாள் அவர்கள் மதகுக்குத் தண்ணீர் வந்தது என்று கேள். இரண்டையும் ஒரே தாளில் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்புச்சி