அதிரும் மோட்டர்: காரணம் காணலும் சமப்படுத்தலும்



"சுழலும் பொறியொன்றில் அதிர்வு ஏற்படுவதற்கான காரணங்கள் இரண்டு தருக" என்று கேட்டால் நம்மில் அநேகர் "எண்ணெய் இல்லை, பழையது" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். எண்ணெய் இல்லாமையும் ஒரு காரணம்தான். ஆனால் எந்தக் காரணம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்தால் விடை வேறு தரத்தில் இருக்கும். நான் கலைப் பட்டதாரி. இப்பாடத்தைப் படுவான்கரையில் என் மாமாவின் அரிசி ஆலையில் நின்றுதான் முதலில் கற்றேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

சமமின்மை என்றால் என்ன?

மோட்டரில் அசையாத பகுதி நிலையி, சுழலும் பகுதி சுழலி. சுழலியின் திணிவு மையம் அதன் சுழற்சி அச்சின் மீது சரியாக அமைந்தால் அது அமைதியாகச் சுழலும். திணிவு மையம் சற்று விலகினாலும் சுழலி ஒவ்வொரு சுற்றிலும் போதிகையை ஒரு தடவை வெளியே இழுக்கும். (கடையில் பெயாரிங் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுவே போதிகை.)

இழுக்கும் விசை எவ்வளவு? திணிவு, ஆரை, கோணவேகத்தின் வர்க்கம் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். "வர்க்கம்" என்ற சொல்லின் கீழ் கோடிடுங்கள்.

உதாரணம்: அச்சிலிருந்து 5 சென்ரிமீற்றர் தூரத்தில் 1 கிராம் திணிவு மேலதிகமாக உள்ளது. சுழலி நிமிடத்துக்கு 3000 சுற்று சுழன்றால் கோணவேகம் செக்கனுக்கு 314 ஆரையன். விசை = 0.001 × 0.05 × 314 × 314, அதாவது ஏறத்தாழ 4.9 நியூற்றன். அரைக் கிலோகிராம் பொருளின் நிறை இது. இனி வேகத்தை 12,000 சுற்றாக்குங்கள். வேகம் 4 மடங்கு, விசையோ 16 மடங்கு: ஏறத்தாழ 79 நியூற்றன். எட்டுக் கிலோகிராம் அரிசிப் பை ஒன்று போதிகையைச் செக்கனுக்கு 200 தடவை திசை மாற்றி மாற்றி இழுப்பதாக எண்ணிப் பாருங்கள். கையில் பிடிக்கும் கிறைண்டர் போன்ற கருவிகளின் மோட்டர்கள் இத்தகைய வேகத்தில்தான் ஓடுகின்றன. வேகம் கூடிய சுழலிகளை மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் சமப்படுத்துவது இதனால்தான்.

முதலில் நோயை அறிக

மாமாவின் ஆலை மோட்டரைச் சுருள் கட்டக் கொடுத்து எடுத்து வந்து பூட்டியதும் அது நடுங்கியது. "கட்டினவன் பிழையாகக் கட்டிவிட்டான்" என்று எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பின்னர் வந்த வயதான மெக்கானிக் ஒருவர் மோட்டரைக் கழற்றவே இல்லை. ஓடவிட்டு, ஆளியை அணைத்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அவ்வளவுதான். அவர் பார்த்தது இதைத்தான்:

மின்னைத் துண்டித்த அந்தக் கணத்திலேயே அதிர்வு மறைந்தால் காரணம் மின் சார்ந்தது. சுருளில் பழுது, நிலையிக்கும் சுழலிக்கும் இடைப்பட்ட காற்றிடைவெளி சமமில்லாமை போன்றவை இவ்வகை. மின் போனதும் காந்தப்புலம் போகிறது, அதனுடன் அதிர்வும் போகிறது. வேகம் குறையக் குறைய அதிர்வும் மெல்லக் குறைந்தால் காரணம் பொறிமுறை சார்ந்தது. வேகம் இறங்கும்போது இடையில் ஓரிடத்தில் மட்டும் அதிர்வு திடீரென்று கூடி மறுபடி குறைந்தால் அது பரிவு.

எங்கள் மோட்டரில் அதிர்வு மெல்லத்தான் குறைந்தது. ஆகவே சுருள் கட்டியவர் மீது பிழை இல்லை. அடுத்து வாரைக் கழற்றி மோட்டரைத் தனியாக ஓட்டினார். அப்போதும் நடுக்கம் இருந்தது. எனவே பிழை வாரிலோ ஆலைப் பொறியிலோ இல்லை. கடைசியாக அடித்தளத்தின் நான்கு பூட்டாணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினார். மூன்றாவதைத் தளர்த்தியதும் நடுக்கம் பாதியாகியது! அந்தக் காலின் கீழ் சிறு இடைவெளி இருந்தது. இறுக்கியபோது மோட்டரின் உடலே முறுகியிருக்கிறது. மெல்லிய தகடு ஒன்றை வைத்ததும் சரியாயிற்று. சுருள் கட்டியவரிடம் மன்னிப்புக் கேட்டதாக ஞாபகம் இல்லை!

அளவி இருந்தால் மீடிறனைக் கொண்டும் அறியலாம். நிமிடத்துக்கு 1450 சுற்று எனின் செக்கனுக்கு ஏறத்தாழ 24 சுற்று. அதிர்வின் மீடிறனும் 24 ஹேர்ட்ஸ் எனின் முதலில் சமமின்மையைச் சந்தேகிக்க. இரு மடங்காகிய 48 ஹேர்ட்ஸ் மேலோங்கி, அச்சு வழியேயும் அதிர்வு இருந்தால், இணைத்த இரு தண்டுகளும் நேர்கோட்டில் இல்லாதிருக்கலாம். 100 ஹேர்ட்ஸ் எனின் மின் சார்ந்த காரணத்தைப் பாருங்கள். நமது மின்வழங்கலின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ், காந்த இழுவையோ ஒரு வட்டத்தில் இரு தடவை உச்சமடைகிறது.

தேய்ந்த போதிகையின் அதிர்வு மிக உயர்ந்த மீடிறனுடையது, காதால் கேட்பதே இலகு. கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் துடுப்பின் ஒரு முனையை வாவி நீரில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்து மீன்பாடுவதைக் கேட்பார்கள் அல்லவா? மெக்கானிக்கும் ஸ்குரூ டிறைவரின் முனையைப் போதிகைக் கூட்டில் வைத்துப் பிடியைக் காதில் வைக்கிறார். திண்மத்தினூடாக ஒலி வளியிலும் பார்க்க நன்கு கடத்தப்படும் என்று நீங்கள் படித்தது இதுவே. (சுழலும் பகுதிக்கும் மின் இணைப்புகளுக்கும் கிட்ட இதைச் செய்யக் கூடாது.)

சமப்படுத்தல்

முதல் வேலை துப்புரவு செய்தல். ஊதுகாற்றாடியின் அலகுகளில் தவிட்டுத் தூசு ஒரு பக்கம் கூடுதலாக ஒட்டியிருப்பதே பல தடவை முழுக் காரணமும்.

குட்டையான சுழலியை இரு கிடையான கத்தி விளிம்புகளின் மீது வைத்தால் பாரமான பக்கம் உருண்டு கீழே வரும். அதற்கு நேர் எதிரே நிறை சேர்க்கலாம், அல்லது பாரமான பக்கத்தில் துளையிட்டு உலோகத்தை நீக்கலாம். நீளமான சுழலிக்கு இது போதாது. ஒரு முனையில் மேலும் மறு முனையில் கீழும் சம திணிவுகள் இருந்தால் அது விளிம்பில் அசையாது நிற்கும், சுழலும்போதோ தள்ளாடும். அதனை இரண்டு தளங்களில், சுழற்றியே சமப்படுத்த வேண்டும்.

பூட்டிய இடத்திலேயே ஒரு தளத்தில் சமப்படுத்த, கவராயம் ஒன்றே போதும். அதிர்வு 6 அலகு என்க. காற்றாடியில் 120 பாகை இடைவெளியில் 1, 2, 3 என மூன்று இடங்களைக் குறிக்க. 10 கிராம் சோதனை நிறையை முறையே அவற்றில் உறுதியாகப் பூட்டி, ஒவ்வொரு தடவையும் அதே வேகத்தில் ஓட்டி அளக்க. வாசிப்புகள் 5.2, 5.2, 9.0 என்க. இப்போது 6 அலகு ஆரையுடைய வட்டம் வரைந்து, பரிதியில் அம்மூன்று இடங்களையும் குறித்து, ஒவ்வொன்றையும் மையமாகக் கொண்டு அதனதன் வாசிப்பை ஆரையாக வைத்து வில் வரைக. மூன்று விற்களும் ஒரு புள்ளியில் வெட்டும். அப்புள்ளி பெரிய வட்டத்தின் மையத்திலிருந்து 3 அலகு தூரத்தில், 1க்கும் 2க்கும் நடுவான திசையில் இருக்கும். வேண்டிய நிறை = 10 × 6 ÷ 3 = 20 கிராம். சோதனை நிறையைக் கழற்றிவிட்டு இதனை அந்தத் திசையில், அதே ஆரையில் பூட்டுக. வரைந்து பார்க்காமல் நம்பாதீர்கள்.

கவனிக்க: நிறை பூட்டும் ஒவ்வொரு தடவையும் பிரதான ஆளியை அணைத்து, சுழலி முற்றாக நின்ற பின்னரே கை வைக்க வேண்டும்.

பரிவு வேகம்

ஒவ்வொரு தண்டுக்கும் இயற்கை மீடிறன் உண்டு. சுழற்சி அதனுடன் பொருந்தும்போது வீச்சம் பெருகும். அந்த வேகத்தைத் தாண்டி ஓட முடியாது என்ற முடிவுக்கு 1869இல் ரான்கின் வந்தார். சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் டி லாவல் 1880களில் மெல்லிய, வளையக்கூடிய தண்டைப் பொருத்தித் தன் நீராவி விசையாழியை அவ்வேகத்துக்கு மேலே ஓட்டிக் காட்டினார். ஏன் முடிகிறது என்பதற்கு 1919இல் ஜெஃப்கொட் விளக்கம் தந்தார்: எல்லையைத் தாண்டியதும் சுழலி தன் திணிவு மையத்தைச் சுற்றியே சுழல முற்படும். எனவே அவ்வேகத்தில் தரிக்காமல் விரைவாகக் கடக்க வேண்டும்.

அதிர்வைக் கண்டும் ஓட்டினால்?

ரஷ்யாவின் சயானோ சுசென்ஸ்காயா நீர்மின் நிலையத்தில் இரண்டாம் இலக்க விசையாழியின் அதிர்வு அளவு கடந்திருந்தது. அதன் மூடியைப் பிடித்திருந்த பூட்டாணிகள் நீண்ட கால அதிர்வினால் களைப்புற்று வெடிப்புக் கண்டிருந்தன. 2009 ஓகஸ்ட் 17 அன்று அவை அறுந்தன. சுழலி நீரினால் மேலே தூக்கி எறியப்பட்டது, நிலையம் வெள்ளத்தில் மூழ்கியது. 75 பேர் இறந்தனர்.

பயிற்சி

1. மோட்டர் தனியாக ஓடும்போது அதிர்வில்லை, வார் பூட்டியதும் அதிர்கிறது. அடுத்து எவற்றைப் பரிசோதிப்பீர்?

2. ஆரம்ப அதிர்வு 8 அலகு. 15 கிராம் சோதனை நிறையுடன் 1, 2, 3ஆம் இடங்களின் வாசிப்புகள் முறையே 10.6, 4.0, 10.6. வேண்டிய நிறையையும் இடத்தையும் காண்க.

விடை: 1. கப்பிகள் ஒரே கோட்டில் உள்ளனவா, வாரின் இழுவையும் தேய்வும், ஆலைப் பொறியின் சமநிலை. 2. 30 கிராம், 2ஆம் இடம்.